ஒரு வரி பின்தங்கி

சிங்காநல்லூர்ப் பக்கம், மூடிய மில்லின் பஞ்சுக் கிடங்கு
இப்போது அருங்காட்சியகம்.
பழைய ரிங் ஃபிரேமைச் சுற்றிச் சிவப்புக் கயிறு,
"தொடாதீர்கள்" என்று ஒரு பலகை.
அதற்கும் அக்கட்டால வெள்ளைத் திரை.
பொழுதோட ஆறரைக்குக் கனடாவின் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்த படம்,
முடிந்ததும் பிடில்.

என் வேலை சின்னது.
திரையில் யாராவது வாய் திறந்தால்
நான் ஸ்பேஸ் பாரை அமுக்க வேண்டும்,
கீழே தமிழ் வரி வர வேண்டும்.
முந்நூற்றுப் பன்னிரண்டு வரி.
பிரெஞ்சிலிருந்து யாரோ ஆங்கிலம் வரை இழுத்து வந்ததை
அங்கிருந்து நான்,
மூன்று ராத்திரி,
வரிக்குப் பதினைந்து ரூபாய்.

அழைப்பிதழ் அச்சடித்தது இருநூறு.
வந்திருந்தவர்கள் பதினொன்று,
அதில் இரண்டு பேர் டீ கொடுக்க வந்தவர்கள்.
ரத்தினாம்பாள் மேடம் யாருக்கோ போன் போட்டார்.
ஆறே முக்காலுக்கு ஒரு மில் பஸ் வந்து நின்றது.
ஷிப்ட் முடிந்த பெண்கள், நாற்பது பேர்,
தலைமுடியில் இன்னும் பஞ்சு.
கயிற்றுக்குள் நின்ற எந்திரத்தைக் காட்டி
ஒருத்தி என்னவோ சொன்னாள், அத்தனை பேரும் சிரித்தார்கள்.
ஒடியா.
எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை.
என் வரிகள் அவர்களுக்கும் அப்படித்தான் என்று
அப்போதுதான் உறைத்தது.

படம் கறுப்பு வெள்ளை.
பனி. பனிக்குள் ஒரு வீடு. வீட்டுக்குள் ஒன்பது பிள்ளைகள்.
மூத்தவள் ரயிலேறி எல்லை தாண்டுகிறாள்,
தெற்கே, அமெரிக்காவில், பஞ்சாலைக்கு.
மேஸ்திரியின் இங்கிலீஷ் அவளுக்குப் புரியாது.
எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள்.
அந்த இடத்தில் வரியே கிடையாது, நான் அமுக்கவில்லை.
நாற்பது பேரும் சிரித்தார்கள்.
முன்வரிசைச் சால்வைகள் திரும்பிப் பார்த்தன.

அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்ததில்
ஒரு வரி தவறிவிட்டது.
அதற்கப்புறம் தாய் பேசியதை மகள் சொன்னாள்,
மகள் பேசியதை மேஸ்திரி சொன்னான்,
பாதிரியார் வாயிலிருந்து
"மாவு தீர்ந்துபோச்சு" என்று வந்தது.
பிடித்துவிடலாம் என்று மூன்று தடவை அமுக்கினேன்.
சாவு வருவதற்கு முன்பே ஒப்பாரி வந்துவிட்டது.
யாரும் புகார் சொல்லவில்லை.

பிறகு பிடில்காரி. பெயர் மாரி-ஈவ்.
மாரி என்றதும்
டீக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
வாசிக்கும் முன் அவள் ஒரு மரப்பலகை கேட்டாள்.
பிளைவுட் துண்டொன்று கிடைத்தது, வார்னிஷ் காயாதது.
நாற்காலியில் உட்கார்ந்தபடி
கை ஒன்று வாசிக்க, கால்கள் வேறொன்று:
குதிகால், நுனி, நுனி, குதிகால்,
மூச்சு விட இடமில்லை.
ரிங் ஃபிரேமின் தளர்ந்த ஸ்பிண்டில்கள்
கயிற்றுக்குள் இருந்தபடியே கிலுகிலுத்தன.
காலுக்கு வசனம் இல்லை.
லேப்டாப்பை மூடிவிட்டேன்.

பஸ் கிளம்பும் நேரம்,
கழுத்து அட்டையில் மினதி என்று போட்டிருந்த ஒருத்தி
மில்லில் கற்ற தமிழில் கேட்டாள்:
"அண்ணா, கடைசி லெட்டர்ல என்ன இருக்கு?"

இருநூற்றுத் தொண்ணூற்றெட்டாவது வரி.
ஒரு ராத்திரி அதற்கே போனது.
சொன்னேன்:
"அங்கே குளிர் எப்படி, மகளே. கர்த்தர் உன்னோடிருப்பாராக."

"அது சாமியார் எழுதுனது.
அந்தம்மா பணம்தானே கேக்குது?
வாயைப் பாத்தேன்ல."
ஏறிக்கொண்டாள்.

கிடங்குக்குள் திரும்பிப் போய் ஓட்டிப் பார்த்தேன்.
தாய்க்கு எழுத வராது; அவள் சொல்லச் சொல்லப் பாதிரியார் எழுதுகிறார்.
கேமரா ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது.
காற்றின் இரைச்சலில் அவள் குரல் கேட்காது,
உதடு மட்டும் அசைகிறது, வெகு நேரம்.
நான் எண்ணிய வரிகளில் அது இல்லை.

மாரி-ஈவ் ஒரு வாளி வெந்நீரில்
இரண்டு பாதங்களையும் வைத்து உட்கார்ந்திருந்தாள்.
லேப்டாப்பைக் காட்டினேன்.
உதட்டைப் பார்த்தாள், தலையசைத்தாள்,
விரலும் கட்டைவிரலும் உரசிக் காட்டினாள்.

நாளைக்கு ஈரோட்டில் இதே படம்.
இருநூற்றுத் தொண்ணூற்றேழுக்குக் கீழே
ஒரு வரி நுழைத்திருக்கிறேன்.
மொத்தம் முந்நூற்றுப் பதின்மூன்று.
அந்தப் பதினைந்து ரூபாயை
யார் கணக்கில் எழுதுவது?